கட்டைப்பை இல்லாமல் ஊருக்குக் கிளம்புவோம்: விடுமுறைக்குப் பெட்டி கட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும், மதுரையில் பல வீடுகளில் பரணிலிருந்து பெட்டி இறங்கும். பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது. கொடைக்கானலோ ராமேஸ்வரமோ, சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலமோ, நாலு நாள் போய்விட்டு வரலாம் என்று முடிவாகிறது. கிளம்புகிற அன்றைக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்திடமும் நல்ல டிராலிப் பெட்டி ஒன்றாவது இருக்கும். அதோடு ஜவுளிக்கடைக் கட்டைப்பை மூன்று, தண்ணீர் பாட்டில் தனியாக, குழந்தையின் கையில் ஒரு பாலிதீன் கவர், அம்மாவின் தோளில் இரண்டு பை.

அந்தக் கட்டைப்பைகளுக்குள் இருப்பவை எப்போதும் ஒரே மாதிரிதான்: சாப்பாடு, துண்டு, செருப்பு, சார்ஜர், மாத்திரை டப்பா, காலையில் குளித்துவிட்டுக் கழற்றிய துணி. எதுவும் வேண்டாத சாமான் இல்லை. ஆனால் இவை எல்லாமே கடைசி அரை மணி நேரத்தில் வருபவை. அதற்குள் பெட்டியின் ஜிப்பை மூடியிருப்போம். பெட்டியில் துணி அதிகமாவதைவிட, கடைசியில் வருகிற சாமானுக்கு இடம் ஒதுக்காததுதான் பயணத்தில் நம்மைப் படுத்துகிறது. அதனால் இந்த வழிகாட்டி துணியில் தொடங்கவில்லை.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, அப்பத்தா என்று நாலு பேர். நாலு நாள் பயணம்.

படி 1: முதலில் கைகளை எண்ணுங்கள்

எத்தனை பை என்பதைச் சாமானை வைத்து முடிவு செய்யக்கூடாது, தூக்குகிற கைகளை வைத்து முடிவு செய்ய வேண்டும். அப்பத்தாவின் ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையை யாராவது பிடிக்க வேண்டும். ஆகவே அவர் கணக்கில் பை கிடையாது. பிள்ளைக்கு முதுகில் மாட்டும் சின்னப் பை ஒன்று போதும். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு கை காலியாக இருந்தாக வேண்டும், டிக்கெட் எடுக்கவும் குழந்தையைப் பிடிக்கவும். மீதி என்ன இருக்கிறது? நடுத்தர டிராலி ஒன்று, தோள்பை ஒன்று, சாப்பாட்டுப் பை ஒன்று, பிள்ளையின் முதுகுப் பை ஒன்று. நாலு பேருக்கும் சேர்த்து நாலு உருப்படி. இதுதான் உச்சவரம்பு.

28 அங்குலப் பெரிய பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். நிரம்பிவிட்டால் அதை ஒருவரால் பஸ்ஸில் ஏற்ற முடியாது, ரயில் பெர்த்துக்கு அடியிலும் பல சமயம் நுழையாது. 22 முதல் 24 அங்குலம் வரை உள்ளதே நம் பயணங்களுக்குச் சரி. வழியில் இருக்கும் ஸ்டேஷன்களில் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும். ஒரே நடையில் எல்லாரும் எல்லாவற்றையும் இறக்க முடிய வேண்டும்.

படி 2: கடைசியில் வருவதற்கு முதலில் இடம்

காலிப் பைகளைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள்: கிளம்பும் அன்று காலை வரை எவையெல்லாம் பயன்பாட்டில் இருக்கும்? பல் துலக்கும் பிரஷ், சீப்பு, போன் சார்ஜர், மூக்குக் கண்ணாடி, அப்பத்தாவின் மாத்திரை, துண்டு, தண்ணீர் பாட்டில், வீட்டுச் சாவி, சாப்பாடு. இவை ஒவ்வொன்றுக்கும் எந்தப் பையில் எந்த அறை என்று அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.

அப்புறம் அந்த இடங்களைக் காலியாகப் பிடித்து வையுங்கள். டிராலியின் மேல்பக்கத்தில் இரண்டு துண்டுக்கான இடத்தில் பழைய துண்டு இரண்டை மடித்து வைத்துவிட்டால் வேறு எதுவும் அங்கே ஏறாது. கிளம்பும்போது பழையதை எடுத்துவிட்டு நிஜத் துண்டை வைத்தால் முடிந்தது. செருப்புக்கும் இப்படியே. கூடுதலாக ஒரு ஜோடி வேண்டுமென்றால் பெட்டியின் சக்கரப் பக்கத்தில் அதற்கு முதலிலேயே இடம் விடுங்கள்.

படி 3: போகிற ஊரில் துணி காயுமா?

நாலு நாளுக்கு நாலு செட், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு செட் என்றுதான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறோம். நாளை எண்ணாதீர்கள், ஊரின் காற்றைப் பாருங்கள்.

ராமேஸ்வரத்தில் கோடை வெயிலும் கடல் காற்றும் சேர்ந்து வீசும். இரவில் அலசிப் போட்ட மெல்லிய துணி காலையில் காய்ந்திருக்கும். அங்கே எத்தனை நாள் தங்கினாலும் உடுத்தியிருப்பது ஒன்று, பெட்டியில் இரண்டு, கோயிலுக்கு என்று நல்லது ஒன்று. இது போதும். கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் இதே கணக்குதான்.

கொடைக்கானல் வேறு மாதிரி. சுமார் 2,100 மீட்டர் உயரம். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னலில் போட்ட பனியன் மறுநாளும் சிலுசிலுவென்று ஈரமாகவே இருக்கும். சாரல் காலத்துக் குற்றாலமும் ஜூன் மாதத்துக் கேரளாவும் அப்படித்தான். இந்த ஊர்களில் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பிப் போகக்கூடாது. உள்ளாடையும் சாக்ஸும் நாளுக்கு ஒன்று, மேலே ஒன்று கூடுதல். ஆனால் குளிரில் வேர்க்காது என்பதால் பேண்ட், சட்டை, சுடிதார் எல்லாம் இரண்டு நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நாலு நாளுக்கு உள்ளாடை ஐந்து, மேலாடை இரண்டு அல்லது மூன்று.

பல ஊர் சுற்றுவதாக இருந்தால் வரிசையைக் கவனியுங்கள். மலைக்குப் போய்விட்டுப் பிறகு கடற்கரைக்குப் போனால், மலையில் அழுக்கானதைக் கடற்கரையில் துவைத்துக்கொள்ளலாம். திருப்பிப் போனால் அந்த வசதி கிடையாது.

படி 4: எந்தத் துணி?

துண்டு விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வேன்: தேங்காய்ப்பூ டவலை வீட்டில் விட்டுவிடுங்கள். ஒரு டவல் எடுக்கும் இடத்தில் ஈரிழைத் துண்டு மூன்று வைக்கலாம். ஈரிழைத் துண்டு நன்றாக ஈரத்தை இழுக்கும், பிழிந்து உதறினால் பஸ் ஜன்னல் காற்றிலேயே பாதி காய்ந்துவிடும். தலையில் கட்டிக்கொள்ளலாம், குழந்தை தூங்கினால் போர்த்தலாம், சீட்டில் விரிக்கலாம். ஆளுக்கு ஒன்று, பொதுவில் ஒன்று.

சேலை கட்டுபவர்களுக்குப் பயணத்துக்கு ஏற்றது நம் சுங்குடி. லேசான பருத்தி, மடிப்பும் சின்னது, வெயிலுக்கும் இதம். புதுச் சுங்குடி என்றால் முதல் சில துவைப்பில் சாயம் இறங்கும். கல்லுப்பு கலந்த தண்ணீரில் ஊறவைத்து ஓரிரு முறை அலசிய பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியில் வெள்ளை வேட்டி இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

வேட்டியைக் கோயிலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயில் போன்ற கேரளக் கோயில்களில் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வேட்டியில்தான் போக வேண்டும். அங்கே வாசலில் வாடகைக்கு அலைவதைவிட ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அதே வேட்டி ராத்திரி விரிப்பாகும், போர்வையும் ஆகும்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் நீராடல். ஈரத்துணியோடு சுவாமி சன்னதிக்குப் போக முடியாது. ஆகவே குளிக்கும் நாளுக்கு ஆளுக்கு ஒரு செட் கூடுதலாக வேண்டும். நீராடுவதற்கு உடம்பில் ஒட்டாத, அடர்நிறமான, சீக்கிரம் காயும் சுடிதாரோ சின்தடிக் சேலையோ நல்லது. பருத்திச் சேலை தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், கிணற்றுக்குக் கிணறு நடக்க முடியாது. மாற்றுத் துணியையும் துண்டையும் ஒரு சின்னப் பையில், ஈரத்தைப் போட ஒரு தடித்த பாலிதீன் பையோடு தனியாகக் கட்டி வையுங்கள். அன்று காலை அந்தப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.

கொடைக்கானலுக்கு மதுரைக்காரர்கள் கம்பளியை அள்ளிக்கொண்டு போகிறோம். பயம் நியாயம்தான், ஆனால் மே மாதத்துப் பகலில் அங்கே சுகமான வெயில்தான் அடிக்கும். குளிர் ராத்திரியிலும் விடிகாலையிலும்தான். ஆளுக்கு ஒரே ஒரு நல்ல ஸ்வெட்டர், அதற்குள் பனியனும் முழுக்கைச் சட்டையும். தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று அடுக்கு நன்றாகக் காக்கும், வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். அப்பத்தாவுக்கும் பிள்ளைக்கும் குல்லா, சாக்ஸ். மதிய மழைக்கு மடக்குக் குடை ஒன்று. ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், தோள்பையில் வையுங்கள். மலை ஏறி இறங்கும்போது முதலில் தேடுவது அதைத்தான், அப்போது பெட்டி பஸ்ஸின் டிக்கியில் இருக்கும்.

படி 5: பெட்டிக்குள் அடுக்குவது

டிராலியை நிமிர்த்தினால் எது கீழே வருமோ, அதாவது சக்கரப் பக்கம், அங்கேதான் கனமானது போக வேண்டும். செருப்பு, ஷூ, குளியல் சாமான் பை. ஷூவுக்குள் சாக்ஸைத் திணித்து, பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள். மேல்பக்கம் கனத்தால் பெட்டி நிற்காமல் சாயும், இழுக்கும்போது மணிக்கட்டும் வலிக்கும்.

தினசரி உடுத்துவதைச் செட்டாகச் சுருட்டுங்கள். சுடிதார் டாப்பைத் தரையில் கவிழ்த்து விரித்து, கைகளை உள்பக்கம் மடித்து, அதன்மேல் பேண்டை இரண்டாக மடித்து வைத்து, துப்பட்டா, உள்ளாடை எல்லாவற்றையும் வைத்துக் கீழிருந்து பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். காலையில் ஒரு சுருளை உருவினால் அன்றைக்கு வேண்டியது எல்லாம் கையில் வந்துவிடும். துப்பட்டாவைத் தேடி மொத்தப் பெட்டியையும் கலைக்க வேண்டியதில்லை. பிள்ளையின் துணியைக் கட்டாயம் இப்படித்தான் கட்ட வேண்டும், அப்போதுதான் அவனே எடுத்து உடுத்திக்கொள்வான்.

பட்டு, இஸ்திரி போட்ட சட்டை, வேட்டி ஆகியவற்றைச் சுருட்டக்கூடாது. பட்டுச் சேலையைப் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, தட்டையாக, சுருள்களுக்கு மேலே வையுங்கள். எண்ணெய், ஷாம்பு பாட்டில்களின் மூடியைக் கழற்றி, வாயின் மேல் சின்னப் பாலிதீன் துண்டை வைத்து, அதன்மேல் மூடியை இறுக்குங்கள். பிறகு கவருக்குள் போட்டு நிமிர்த்தி வையுங்கள். தேங்காய் எண்ணெய் மதுரையில் உருகியே இருக்கும், கொடைக்கானலில் உறைந்துவிடும், இறங்கும்போது மறுபடி உருகிக் கசியும். அதனால் வாயகன்ற சின்ன டப்பாவில் கொஞ்சமாக எடுத்துப்போவது நல்லது.

அழுக்குத் துணிக்கு என்று ஒரு துணிப்பையைக் காலியாக மடித்து பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். நாலு நாளில் சுருள்கள் குறையக் குறைய அந்தப் பை பெருக்கும். இடம் அதேதான்.

படி 6: தோள்பை

பெட்டி தொலைந்தாலும் ஒரு நாளை ஓட்ட முடிய வேண்டும். தோள்பையில் இருக்க வேண்டியவற்றை இந்தக் கணக்கில்தான் தீர்மானிக்கிறேன். பணம், ஆதார் அசல், டிக்கெட், அறை முன்பதிவு, சாவி. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் பயண நாட்களுக்கும் மேலே மூன்று நாளுக்கும் சேர்த்து, டாக்டர் சீட்டின் நகலோடு. இன்சுலின் போடுபவர்கள் அதை வெயில் படும் காரிலோ விமானத்தின் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியிலோ வைக்கக்கூடாது. அதிக சூடும் உறைகுளிரும் இரண்டுமே அதைக் கெடுத்துவிடும்.

இதோடு பாராசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம், பிளாஸ்டர், அப்பத்தாவின் தைலம். மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசி வளைவில் போட்டால் பயன் குறைவு. கையில் நாலு கவரும், கிள்ளி முகர ஒரு எலுமிச்சையும் இருக்கட்டும்.

சார்ஜர் ஆளுக்கு ஒன்று வேண்டாம். இரண்டு முனை உள்ள ஒன்று, ஒயர் இரண்டு, பவர் பேங்க் ஒன்று. ரயில் பெட்டியில் ராத்திரி 11 மணி முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டை அணைத்து வைப்பது வழக்கம் என்பதால் ஏறியதுமே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

படி 7: சாப்பாட்டுப் பை

இதை எழுதத்தான் எனக்கு அதிக ஆசை. முதல் நாள் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோனால் செலவு மிச்சம், வயிறும் பத்திரம்.

முதல் வேளைக்குப் பொடி இட்லி. இட்லி ஆறிய பிறகுதான் பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவ வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி இறங்கி, தண்ணீர் கோத்து, மதியத்துக்குள் பிசுபிசுத்துவிடும். வாழை இலையை அடுப்புத் தணலில் லேசாக வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. ஆளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். சாப்பிட்டதும் இலையைச் சுருட்டிக் குப்பையில் போடலாம், கழுவ டப்பா கிடையாது, திரும்பும்போது தூக்கவும் வேண்டாம்.

இரண்டாம் வேளைக்குப் புளியோதரை. சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, முழுக்க ஆறவிட்டுப் புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். மறுநாள் மதியம் வரை தாராளமாக நிற்கும். தயிர்சாதத்துக்குக் குழைய வடித்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து எடுத்துப்போங்கள். போகிற வழியிலேயே தோய்ந்து, சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசாலா இரண்டையும் கோடைப் பயணத்தில் தொடவே வேண்டாம்.

கொறிக்கச் சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய். டெல்லிப் பக்கம் போகிறவர்களுக்கு ரயிலிலேயே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அவர்கள் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டால், எந்த ஊரில் வெறும் சோறு கிடைத்தாலும் அப்பத்தா நிம்மதியாகச் சாப்பிடுவார்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, வழியில் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள்.

படி 8: வண்டிக்கு ஏற்ற விதிகள்

ரயிலில் ஆளுக்கு இலவசமாகக் கொண்டுபோகக்கூடிய எடை: இரண்டாம் வகுப்பில் 35 கிலோ, ஸ்லீப்பரிலும் 3 ஏசியிலும் 40, 2 ஏசியில் 50, முதல் வகுப்பு ஏசியில் 70. நாம் இதைத் தொடவே மாட்டோம். பூட்டும் சங்கிலியும் மறக்காதீர்கள்.

விமானம் என்றால் உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மிளகாய்ப்பொடி, ஊறுகாய் வகைகள் பெட்டிக்குப் போக வேண்டும். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் இரண்டிலும் விடமாட்டார்கள்.

சொந்தக் காரில் கொடைக்கானல் போனால் இ-பாஸ் வேண்டும், 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பெட்டி கட்டும் நாளிலேயே எடுத்துவிடுங்கள். கார் இருக்கிறதே என்று கூடுதலாக ஏற்றாதீர்கள். டிக்கியிலிருந்து அறைக்குத் தூக்கப்போவதும் இதே கைகள்தான்.

படி 9: முந்தின நாள் ராத்திரி

எல்லாம் கட்டி முடித்ததும் பையோடு வீட்டு மாடிப்படியை ஒரு முறை ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கினால் பெட்டியைத் திறந்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லி வைத்தவற்றை மட்டும் தேடி எடுங்கள். போகிற ஊரில் பத்து நிமிடத்தில் வாங்க முடிகிற எதற்கும் பெட்டியில் இடம் தேவையில்லை: சோப்பு, பற்பசை, பிஸ்கட், கொசுவர்த்தி. வாங்க முடியாதவை மாத்திரை, கண்ணாடி, குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை. இவற்றுக்கு இடம் எப்போதும் உண்டு.

படி 2-இல் எழுதிய தாளைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். காலையில் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கென்று பிடித்து வைத்த அறையில் போட்டு, கோடு அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசி வரி கேஸ் சிலிண்டரும் மோட்டார் சுவிட்சும்.

படி 10: திரும்பும்போது

மலையிலிருந்து வருகிறவர்கள் பிளம்ஸ், பூண்டு, தைலம், சாக்லேட் என்று வாங்காமல் இருக்க மாட்டோம், வாங்கவும் வேண்டும். அதற்குத்தான் சாப்பாட்டுப் பை. பொட்டலம் கட்டிப்போனதால் திரும்பும்போது அது காலியாக இருக்கும். மலைப்பூண்டை மட்டும் காற்றோட்டமான துணிப்பையில் தனியாகக் கட்டுங்கள், வாசம் எல்லாத் துணியிலும் ஏறிவிடும். யூகலிப்டஸ் தைலப் பாட்டிலுக்கும் ஷாம்புவுக்குச் சொன்ன பாலிதீன் முறைதான்.

வீட்டுக்கு வந்ததும் உடுத்தாமல் திரும்பிய துணி, பிரிக்காமல் திரும்பிய பொட்டலம் எல்லாவற்றையும் அதே தாளின் பின்பக்கம் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த பயணத்துக்கு அதைவிட நல்ல பட்டியலை யாரும் எழுதித் தர முடியாது. மருந்துப் பையில் தீர்ந்ததை அந்த வாரமே வாங்கி நிரப்புங்கள். பெட்டியைத் திறந்தபடி ஒரு பகல் வெயிலில் வைத்து, உள்ளே ஒரு அந்துருண்டையைத் துணியில் முடிந்து போட்டுவிட்டுப் பரணில் ஏற்றலாம்.